நகைச்சுவையும் நாணயமும்

பிறரைச் சிரிக்க வைப்பது அரிய கலை. அதனையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, இறுதிவரை நற்பெயரோடு நிற்பது அதனினும் அரிது. ஐதராபாத்தில் வாழும் நம் இளைஞர் சிலர் இன்று மேடையில் தனியே நின்று நகைச்சுவை உரையாற்ற ஆசை கொண்டுள்ளனர். “இதுவும் ஒரு பிழைப்பா?” என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. அதற்கு இந்நகரிலேயே விடை உண்டு.

உருது எழுத்தாளர் முஜ்தபா உசேன் 1936ஆம் ஆண்டு குல்பர்காவில் பிறந்தவர். ஐதராபாத்தின் ‘சியாசத்’ நாளிதழில் பணியாற்றியவர். அவ்விதழில் நகைச்சுவைப் பகுதி எழுதி வந்தவர் 1962இல் காலமானார். இணையாசிரியராயிருந்த தமையனாரின் சொற்படி அப்பொறுப்பு இவர்மீது விழுந்தது. தாமாக விரும்பித் தேடிய வேலையன்று. எனினும் எழுதி எழுதியே கலையைக் கைவரப் பெற்றார்.

அந்நாளில் தோன்றிய ‘ஜிந்தா திலானே ஐதராபாத்’ என்னும் சங்கம் நகைச்சுவையாளரை மேடையேற்றியது. மக்கள் திரண்டு வந்து கேட்டு மகிழ்ந்தனர். 1968 முதல் ‘ஷகூஃபா’ என்னும் நகைச்சுவைத் திங்களிதழும் வெளிவரலாயிற்று.

முஜ்தபா தம்மையும் விட்டு வைக்கவில்லை. தாம் இறந்துவிட்டதாகப் பாவித்துத் தம்மைப் பற்றியே நினைவுக் கட்டுரை எழுதினார்! தன்னை நகையாடத் துணிந்தவன் பிறரை நகையாடினால் எவர்க்கும் மனம் புண்படுவதில்லை அன்றோ?

2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019 டிசம்பரில், தமது 83ஆம் வயதில், நாட்டின் போக்குக் கண்டு மனம் நொந்து, அவ்விருதைத் திருப்பி அளிப்பதாக அறிவித்தார். அம்முடிவை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. ஆயினும், தம் உள்ளத்திற்குச் சரியெனப் பட்டதை விருதுக்காக அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை எவரும் மறுக்க இயலாது. 2020இல் ஐதராபாத்திலேயே மறைந்தார்.

இவ்வழி நமக்குப் புதிதன்று. நாகர்கோவிலில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிரிப்போடு சிந்தனையைச் சேர்த்தே வழங்கினார். 1957இல் அவர் மறைந்த பின்னும் அவர் பெயர் மறையவில்லை.

ஆகவே பெற்றோரே, மேடையேற விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டா. மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: நாள்தோறும் உழைக்கிறாயா? உன் குறையைக் கண்டு முதலில் நீ சிரிக்கிறாயா? எளியவரை இழிவு செய்து கைதட்டல் பெறாதிருக்க உன்னால் இயலுமா? மூன்றிற்கும் நேர்மையான விடை வருமாயின், வாழ்த்தி அனுப்புங்கள். முதல் வரிசையில் நீங்களே அமர்ந்து சிரியுங்கள்.