பல்செட் டப்பாவில் தூங்குகிறதா?

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துப் பணம் கைக்கு வந்த பிறகுதான் தஞ்சைப் பகுதியில் பல குடும்பங்கள் தள்ளிப்போட்ட வைத்தியத்துக்குக் கிளம்புகின்றன. விழுந்த பற்களுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பல்செட் கட்டிக்கொள்வதும் அதில் ஒன்று. ஆனால், கட்டிய சில மாதங்களிலேயே அது அலமாரி டப்பாவுக்குப் போய்விடுவதும் உண்டு. செலவழித்த பணம் வீண். சோற்றைக் குழைத்துச் சாப்பிடும் நிலையும் மாறாது.

ஏன் ஒதுக்கிவிடுகிறார்கள்?

முன்பல் செட்டைப் பெரும்பாலோர் விடாமல் போடுகிறார்கள். பேச்சுக்கும் சிரிப்புக்கும் அது தேவைப்படுகிறது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்செட்தான் அதிகம் டப்பாவுக்குப் போகிறது. அதற்குப் பின்பக்கம் பிடிமானப் பல் கிடையாது; மெல்லும்போது ஆடும், ஈறை அழுத்தும்.

பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு முதல் சில மாதங்களில் வேகமாகத் தேயும். அதனால் அவசரப்பட்டுக் கட்டும் செட் சீக்கிரம் தளர்ந்துவிடும். எப்போது அளவெடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிறகும் எலும்பு மெதுவாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். செட் தளர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் பூசி இறுக்கித் தருவார்கள். குறடு, அரம் கொண்டு வீட்டிலேயே சரிசெய்யக் கூடாது.

வரப்பு போன்ற பற்கள்

செட்டின் கம்பி பிடித்திருக்கும் சொந்தப் பற்கள்தான் வயலுக்கு வரப்பு மாதிரி. கம்பியைச் சுற்றி உணவு தங்கினால் அவை சொத்தையாகும். அவை போனால் செட்டும் போச்சு. செட் நீடித்து உழைப்பது பெரும்பாலும் இந்தப் பற்களைக் காப்பதில்தான் இருக்கிறது.

தினசரிப் பராமரிப்பு

* சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவி, வாயைக் கொப்பளிக்கவும்.
* செட்டை மென்மையான பிரஷ், சோப்பு கொண்டு தேய்க்கவும். பற்பசை கீறல் விழச் செய்யும், வெந்நீர் வளைத்துவிடும்.
* இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கவும். சிறிய செட்டைப் போட்டபடியே தூங்கினால் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.
* புதிதில் மெதுவான உணவைச் சிறு துண்டுகளாக, இரு பக்கமும் மெல்லவும்.
* 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம்.

வாயில் புண் 2 வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்கள் இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. பாக்கு மட்டுமே போட்டாலும் புற்றுநோய் வரும்.

எல்லா இடைவெளிக்கும் பல் தேவையா?

ஜப்பானில் 1989 முதல் ‘80 வயதில் 20 சொந்தப் பற்கள்’ என்ற இயக்கம் நடக்கிறது. மேலும் கீழும் பொருந்தும் 20 பற்கள் இருந்தால் பலருக்கும் மெல்ல அதுவே போதும். எனவே, ‘இந்த இடத்தில் கட்டாயம் பல் கட்ட வேண்டுமா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுவது செலவைக் குறைக்கும்.

டெல்டாக்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும், புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. டப்பாவில் கிடக்கும் பழைய செட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சரிசெய்ய முடிந்தால் புதுச் செலவு மிச்சம்.