குலை வெட்டுமுன் செய்யும் விளம்பரம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்தால் வருவது நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் உழைப்பும் சேர்ந்து இதனை வாழைக்குப் பேர்பெற்ற ஊராக்கியுள்ளன. கதலி, இதரை, கப்பல், மொந்தன் ஆகியவற்றை வளர்க்கும் வகையை இவ்வூர்த் தோட்டக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவருக்குள்ள இடரெல்லாம் விற்பனையிலேயே உள்ளது.

குலையை வெட்டிய கணமே காலம் அவருக்குப் பகையாகிவிடுகின்றது. சந்தைக்குக் கொண்டுசென்ற குலையைத் திருப்பிக் கொண்டுவந்தால் வண்டிக் கூலியும் உராய்ந்து கறுத்த தோலுமே மிச்சம். இதனை வாங்குவோரும் நன்கறிவர். ஆகவே அன்று சொல்லப்பட்ட விலைக்கே கொடுக்க நேர்கின்றது. போதாக்குறைக்கு, நிறையிற் பத்திலொரு பங்கைக் கழிவென்று கழிக்கும் வழக்கம்பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர்.

விரைவிற் கெடும் பொருளை விற்கும் மீனவர்க்கும் இதே இக்கட்டு உண்டு. வடகேரளக் கரையோரத்தில் 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாகப் பரவியபோது நேர்ந்ததை றொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். முன்னர் ஒரு துறையில் வாங்குவாரின்றி மீன் வீணாக, அயற்றுறையில் மீனின்றி வாங்க வந்தோர் நின்றனர். தொலைபேசி வந்தபின் மீனவர் கடலில் நின்றவாறே விலை கேட்டறிந்து துறையைத் தெரிந்துகொண்டனர். மீன் வீணாதல் ஏறக்குறைய ஒழிந்தது. மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 வீதம் தாழ்ந்தது. மீன் கரையேறுமுன் செய்தி கரையேறியதன் பயன் இது.

வாழைக்கும் அவ்வழி பொருந்தும். குலை முற்றுவதற்கு ஒரு கிழமை முன்னரே அதற்கு ஆள் தேடிவிடலாம். முற்காலத்தில் விளம்பரம் பெருவணிகர்க்கே உரியதாயிருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் ஆரம்பமாயிற்று; சவர்க்கார வியாபாரி அதிற் பேசலாம், நாலு பரப்பு வாழை வைத்திருப்பவர் பேசமுடியுமா? இன்றோ, 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி கட்டணமின்றிக் கிடைக்கின்றது. குலையின் படம், விலை, வெட்டும் நாள் ஆகியவற்றை அதன் பொருட்பட்டியலில் இடலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் விற்பவரின் இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் பதிந்து வைத்தவர்க்கே அச்செய்தி சென்றடையும். இதனை அறியாத சிலர், நூறு பேருக்கு அனுப்பியும் ஒருவரும் வரவில்லையென்று செயலியை நோவர். பழம் வாங்க வருபவரிடம் இலக்கத்தைப் பதிந்துகொள்ளும்படி கேட்பதே முதல் வேலை. கோயில் நிருவாகத்தார், திருமண மண்டபத்தார், சமையற்காரர், பழக்கடைக்காரர் ஆகியோரின் இலக்கங்கள் கையிலிருந்தால் நல்லூர்த் திருவிழாக் காலத்திற் சந்தையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

கூகுள் வரைபடத்திலே தோட்டத்து விற்பனையிடத்தைக் குறித்தற்கும் பணம் வேண்டா. ஊரின் பெயரை ஆங்கில எழுத்திற் பலர் பலவாறு எழுதுவராதலால், தமிழிலும் சேர்த்து எழுதுதல் நன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர் ஊரிலே நடைபெறும் சடங்குக்குப் பழம் ஒழுங்குசெய்ய விரும்பினால், தேடிக் கண்டுகொள்வர். அவர்கள் பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை மட்டும் நம்பாது, வங்கிக் கணக்கைப் பார்த்த பின்னரே குலையை அனுப்புதல் வேண்டும். காசு கொடுத்துச் செய்யும் முகநூல் விளம்பரம் தொடக்கத்தில் அவசியமில்லை.

படம் அன்றன்று அத்தோட்டத்தில் எடுத்ததாயிருத்தல் வேண்டும். பிறர் படத்தைக் காட்டிக் குலையை விற்றவரிடம் வாங்கியவர் மீண்டும் வாரார். விற்று முடிந்ததும் 'முடிந்தது' என்று உடனே அறிவித்துவிடல் வேண்டும். இல்லையேல் ஒருவர் மானிப்பாயிலிருந்து வீணே வந்து திரும்புவார். அடுத்த குலை வெட்டும் நாளையும் அந்த அறிவித்தலிலேயே சேர்த்து எழுதிவிடலாம்.