உயரத்தைச் சொல்லும் குரல்

விமான நிலையத்தை நெருங்கும் விமானம் ஒரே அதிகாரியிடம் பேசிக்கொண்டு வருவதில்லை. நெடுந்தொலைவில் பகுதிக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் பறக்கும் அது, நிலையத்தை அண்டியதும் ‘அப்ரோச்’ எனப்படும் அணுகுகைப் பிரிவிடமும், ஓடுபாதைக்கு நேராக வந்ததும் கோபுரத்திடமும், இறங்கியபின் தரைக் கட்டுப்பாட்டிடமும் ஒப்படைக்கப்படுகிறது. காற்று, பார்வைத் தெளிவு, பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை, காற்றழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து ஒலிபரப்பும் ‘ஏடிஸ்’ என்ற பதிவை விமானி முன்னதாகவே கேட்டுவிடுவதால், அதன் அடையாள எழுத்தைக் குறிப்பிட்டாலே போதும். காற்றழுத்தத்தைத் தவிர மற்ற விவரங்களை அணுகுகைப் பிரிவு திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வுரையாடலின் உயிர்நாடி ‘ரீட்பேக்’ எனப்படும் மறுமொழிதலாகும். உயரம், திசை, ஓடுபாதை, காற்றழுத்தம் ஆகியவை குறித்த ஆணைகளை விமானி அப்படியே திரும்பச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுப் பிழையிருந்தால் உடனே திருத்துகிறார். ‘ரோஜர்’ என்ற சொல் செய்தி கிடைத்தது என்பதை மட்டுமே உணர்த்துவதால், இவ்விடங்களில் அது செல்லாது. அழுத்தத்தை ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறாகப் பொருத்தினாலும் உயரமானி ஏறத்தாழ 30 அடி பிழைபடும் என்பதால், இக்கண்டிப்பு மிகையன்று.

எனினும் மறுமொழிதல், ஆணை காதில் விழுந்ததற்குத்தான் சான்று. அது நிறைவேறியதற்குச் சான்றாகாது. 1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடியும், தில்லியிலிருந்து புறப்பட்டு எதிரே ஏறிவந்த சவூதி போயிங் விமானத்துக்கு 14,000 அடியும் வகுக்கப்பட்டிருந்தன. 15,000 அடியை எட்டிவிட்டதாக அறிவித்த இல்யூஷின், அதற்கும் கீழே இறங்கியது. அக்குழுவில் தரையுடன் பேசியவர் விமானத்தை ஓட்டியவரல்லர், தனியொரு வானொலி இயக்குநர். தில்லியில் அன்று இயங்கிய முதன்மை ரேடாரோ விமானத்தின் இடத்தைக் காட்டுமே தவிர உயரத்தைக் காட்டாது. ஆகவே குழுவினரின் வாய்ச்சொல்லைத் தவிரக் கட்டுப்பாட்டாளருக்கு வேறு ஆதாரமில்லை. எதிரே விமானம் வருவதை அவர் எச்சரித்தும், ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதி, அவற்றிலிருந்த 349 பேரும் மாண்டனர்.

ஒப்புதலின்றிக் கீழிறங்கிய இல்யூஷின் குழுவையே விசாரணை முதன்மைப் பொறுப்பாளியாக்கியது. அவர்களது ஆங்கிலக் குறைவும் சுட்டப்பட்டது. ஆயினும் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வான்வழியை வைத்துக்கொண்டு, உயரக் கணக்கை முழுதும் குரலிடம் விட்டிருந்த ஏற்பாட்டையும் குறை கூறாமல் இருக்க முடியாது. பின்னர் அவ்வழிகள் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் இரண்டாம்நிலை ரேடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. பன்னாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத் தேர்ச்சியின் ஆறு படிகளில் நான்காவதையேனும் எட்டியிருக்க வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.