வேடந்தாங்கலில் மாலை நேரப் பறவை நோக்கல்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ள ஓர் ஏரி. இங்குள்ள நீர்க்கடம்பு மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பனிக்காலம் முடிந்து இளவேனில் நெருங்கும் மாசி, பங்குனி மாதங்களில், மாலை 4 மணிக்கு மேல் கரையில் நின்றாலே இவற்றின் வாழ்க்கையை நன்கு அறியலாம்.

மாலையில் காண்பவை

இரை தேடச் சென்ற பறவைகள் பொழுது சாயும்போது கூட்டங்கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடாக்கள் சிறகை விரித்தபடி வட்டமிட்டு இறங்கும். நீர்க்காகங்கள் விடாமல் சிறகடித்து வரிசையாக வரும். நத்தைகுத்தி நாரையின் மேல், கீழ் அலகுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். கரண்டிவாயனின் அலகு நுனி அகப்பை போல் தட்டையானது. தாயும் தந்தையும் மாறிமாறிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும். மற்றவை அடங்கும் நேரத்தில் வக்கா எனப்படும் இராக்கொக்கு இரை தேடக் கிளம்பும்.

வடக்கிலிருந்து வலசை வந்த நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை. அவை இம்மாதங்களில் ஊர் திரும்பத் தொடங்கும்.

இரை எங்கிருந்து வருகிறது?

பறவைகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று குறித்து வைப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வேண்டிய மீனும் நத்தையும் இதில் மட்டும் கிடைத்துவிடாது. சுற்றியுள்ள ஏரிகளும் குளங்களும் நெல்வயல்களுமே அவற்றுக்கு உணவளிக்கின்றன. அவை தூர்ந்தாலோ மாசடைந்தாலோ, ஏரி நன்றாக இருந்தும் கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் பொருள் இதுவே. அதை 3 கி.மீ. ஆகக் குறைக்க 2020இல் எழுந்த முன்மொழிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

ஊராரின் பங்கு

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. இதை அறிந்த ஊரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பாதுகாப்பு ஆணை பெற்றனர். 2022இல் இவ்விடம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பார்ப்போர் கவனத்துக்கு

சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்றால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். கூச்சலிடவோ கைதட்டவோ கூடாது. பெரிய பறவைகள் மிரண்டு எழும்போது சிறு குஞ்சுகள் கூட்டிலிருந்து தவறி விழக்கூடும்.