வெற்றிலைக் கடைக் கணக்கும் வாய்ப்புற்றுக் கணக்கும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்து கேட்டபோது, வழக்கம்போல் சமணமும் தமிழும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். இம்முறை வேறொன்று எழுதுகிறேன். மருத்துவர்களும் பத்திரிகைகளும் நோயைப் பற்றிச் சொல்கிற விழுக்காடுகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன, அவற்றை நம் போன்றவர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்பதே பொருள். நான் மருத்துவனும் அல்லன், கணித ஆசிரியனும் அல்லன். பத்தாம் வகுப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன். மற்றதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி, புரியாத இடத்தைப் பத்துத் தடவை படித்துக் கற்றதுதான். பிழை இருந்தால் கற்றறிந்தோர் பொறுக்க.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் கொல்லங்கோட்டுக்கு வந்தது 1979-ல். அக்காள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், இங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் உண்டு. ஆனால் கடை வாசலில் கூட்டம் நின்றது வெற்றிலைக்கும் புகையிலைக்கும்தான். முதலமடை மாந்தோப்புகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், நெம்மாறை வயல்களுக்குப் போகிறவர்கள், கோவிந்தாபுரம் எல்லை தாண்டி வரும் நம் தமிழ் ஆட்கள், எல்லோருக்கும் காலையில் ஒரு பொட்டலம் வேண்டும். இங்கே முறுக்கான் என்பார்கள். மாமாவும் போடுவார்.

உயிர்க்கொலை கூடாது என்று ராத்திரிச் சாப்பாட்டையே பொழுது சாய்வதற்குள் முடிக்கிற குடும்பம் புகையிலை விற்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஆயிரம் பேருக்கு வித்திருக்கேன் மச்சான். அதுல நாலு பேருக்குத்தான் வாயில வந்திருக்கு. விரல் விட்டு எண்ணிடலாம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்கு சரியாகத்தான் தோன்றியது.

அவருக்கே கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு வந்தது. காட்டாமல் தள்ளிப் போட்டார். 1997-ல் காலமானார். கடை என் கைக்கு வந்தது, பற்று வரவுப் பேரேடுகளும் வந்தன. ஒரு மழைக்காலத்தில் இருபது வருஷத்துப் பேரேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 'வருவதில்லை', 'ஊர் மாறிவிட்டார்', 'மகன் வந்து பாக்கி தீர்த்தார்' என்று மாமா கையெழுத்திலேயே எத்தனையோ பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. மாமா எண்ணிய நாலு பேர், நோய் வந்த பிறகும் கடைக்கு வந்து கண்ணில் பட்ட நாலு பேர். வராமல் போனவர்களை அவர் எண்ணவே இல்லை. அடிக்கப்பட்ட பெயர்களில் சிலரின் வீட்டைத் தேடிப் போய்க் கேட்டேன். எத்தனை பேர் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையின் பேரேடு ஆய்வாகாது. ஆனால் நாலோடு நிற்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஆக, நோய்க் கணக்கில் முதல் சிக்கல், பாதியில் காணாமல் போகிறவரை என்ன செய்வது என்பது. வியாபாரிக்கு இது புதிதல்ல. தீபாவளிக்குக் கணக்கு முடிக்கும்போது பாக்கி நிற்கிறவனை 'கொடுத்துவிட்டான்' என்றும் எழுத முடியாது, 'ஏமாற்றிவிட்டான்' என்றும் எழுத முடியாது. கணக்கு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். 1958-ல் எட்வர்ட் கப்லான், பால் மேயர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழியை விளக்கி எழுதினார்கள். இன்று எந்தப் புற்றுநோய் மருத்துவமனை அறிக்கையிலும் படிக்கட்டு போல இறங்கும் ஒரு கோடு இருக்கும். அது இவர்கள் முறைதான்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நோயாளிகள் 10 பேர். முதல் வருஷம் 2 பேர் இறந்தார்கள், 8 பேர் மிச்சம். அந்த வருஷக் கடைசியில் 3 பேர் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள், தகவல் இல்லை. மீதி 5 பேரில் இரண்டாம் வருஷம் ஒருவர் இறந்தார். இரண்டு வருஷம் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு? போன மூவரையும் உயிரோடு இருப்பதாக வைத்தால் 70 விழுக்காடு. இறந்ததாக வைத்தால் 40. அவர்களை அடியோடு நீக்கிவிட்டால் 7-ல் 4, அதாவது 57. கப்லான், மேயர் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொருவரும் நம் கண்ணில் இருந்த காலத்துக்கு மட்டும் அவரைச் சேர்த்தார்கள். முதல் வருஷம் 10-ல் 8, இரண்டாம் வருஷம் 5-ல் 4. இரண்டையும் பெருக்கினால் 64 விழுக்காடு. போன மூவர் முதல் வருஷத்துக்குச் சாட்சி சொன்னார்கள், இரண்டாம் வருஷத்துக்குச் சொல்லவில்லை. நியாயமான கணக்கு.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊர் மாறிப் போனதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. மகள் வீட்டுக்குப் போன கடன்காரனும் கடனுக்குப் பயந்து ஓடின கடன்காரனும் ஒன்றல்லவே! மாமாவின் பேரேட்டில் அடிபட்டவர்கள் இரண்டாம் வகை. நோய்தான் அவர்களைக் கடைக்கு வராமல் செய்தது. அங்கே எந்தச் சூத்திரமும் உதவாது, வீடு வீடாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

வீடு வீடாகவே போனார்கள், நம் கேரளத்திலேயே. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-ல் தொடங்கிய வாய்ப்புற்று ஆய்வு உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் பேசப்படுகிறது. அந்த மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல எந்தச் சார்பும் இல்லாமல் 7 பஞ்சாயத்துகளைப் பரிசோதனைக்கு ஒதுக்கி, 6-ஐ ஒப்பிட வைத்துக்கொண்டார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் பரிசோதனைப் பக்கம் 96,517 பேர், மறுபக்கம் 95,356 பேர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள், மருத்துவர்கள் அல்ல, வீட்டுக்கே போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று.

முடிவு 2005-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பரிசோதித்த பக்கம் வாய்ப்புற்றால் இறந்தவர்கள் 77, மறுபக்கம் 87. இதென்ன, பத்துத்தானே வித்தியாசம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு பக்கத்தையும் கண்காணித்த காலம் ஒன்றல்ல. ஒருவரை ஒரு வருஷம் கண்காணித்தால் ஒரு ஆள்-ஆண்டு. கூலிக் கணக்கில் ஆள்-நாள் போடுவதில்லையா, அது மாதிரி. பரிசோதித்த பக்கம் 4,69,089 ஆள்-ஆண்டுகள், மறுபக்கம் 4,19,748. இப்போது வகுத்தால் ஒரு லட்சம் ஆள்-ஆண்டுக்கு இங்கே 16.4 சாவு, அங்கே 20.7. விகிதம் 0.79. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

இங்கேதான் எனக்கு இந்த ஆய்வின் மேல் மரியாதை வந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம் என்று அவர்கள் பறைசாற்றவில்லை. உண்மை விகிதம் 0.51 முதல் 1.22 வரை எங்கும் இருக்கலாம் என்று எழுதினார்கள். நம்பக இடைவெளி என்று இதற்குப் பெயர். இதே மாதிரி ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்து இப்படி எல்லை கட்டினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மை அந்த எல்லைக்குள் அகப்படும். 1 என்றால் பரிசோதனையால் பலன் இல்லை என்று அர்த்தம். அந்த 1 இந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. எனவே மொத்த மக்களுக்கும் பலன் உண்டென்று அடித்துச் சொல்ல முடியாது.

ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரைப் பார்த்துமா இவ்வளவு அகலமான எல்லை? ஒரு காரணம், இறந்தவர்கள் தொகை சிறியது. இன்னொன்று நுட்பமானது. குலுக்கியது ஆட்களை அல்ல, பஞ்சாயத்துகளை. ஒரே மூட்டையில் பத்துப் பிடி அரிசி எடுத்துப் பார்ப்பதும், பத்து மூட்டையில் ஒவ்வொரு பிடி எடுத்துப் பார்ப்பதும் ஒன்றாகுமா? ஒரே பஞ்சாயத்துக்காரர்கள் ஒரே கடையில் புகையிலை வாங்குவார்கள், ஒரே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அவர்கள் சொல்லும் சாட்சியம் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் எல்லை விரியும். எடுக்காமல் விட்டால் எல்லை சுருங்கி, இல்லாத உறுதி இருப்பது போலத் தெரியும்.

புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது படம் மாறியது. ஒரு லட்சம் ஆள்-ஆண்டுக்கு 45.4 சாவு இருந்த இடத்தில் 29.9. விகிதம் 0.66, எல்லை 0.45 முதல் 0.95 வரை. 1 வெளியே போய்விட்டது. பத்திரிகை இதை '34 விழுக்காடு சாவு குறைந்தது' என்று போடும். பொய்யல்ல. ஆனால் பழக்கமுள்ள ஒரு லட்சம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் பதினைந்து பதினாறு உயிர் மிச்சம் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணக்குத்தான், காதில் விழுகிற விதம்தான் வேறு.

2013-ல் பதினைந்து வருஷக் கணக்கும் வந்தது. பழக்கமுள்ளவர்களில் 24 விழுக்காடு குறைவு. நான்கு சுற்றுக்கும் தவறாமல் வந்தவர்களில் 81 விழுக்காடு குறைவு. பின்னதைக் கண்டு மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. தவறாமல் வருகிறவர் தம் உடம்பில் அக்கறையுள்ளவர், நான்காம் சுற்று வரை உயிரோடும் இருந்தவர். தவணை தவறாத வாடிக்கையாளரை மட்டும் வைத்து ஊரின் நாணயத்தை மதிப்பிடுவது போல ஆகிவிடும். 24 சிறியதுதான், ஆனால் குலுக்கலில் விழுந்த எல்லோரையும், வந்தவர் வராதவர் உட்பட, வைத்துப் போட்ட கணக்கு.

இன்னொரு கண்ணியும் உண்டு. நோயை மூன்று வருஷம் முன்பே கண்டுபிடித்தால், சாகும் தேதி ஒரு நாள்கூடத் தள்ளாவிட்டாலும் 'கண்டுபிடித்த பின் வாழ்ந்த காலம்' மூன்று வருஷம் கூடிவிடும். அதனால்தான் பரிசோதனையின் பலனைப் பிழைத்த வருஷத்தை வைத்துப் பார்க்காமல், மொத்த மக்களில் எத்தனை சாவு என்று பார்க்கிறார்கள்.

எல்லை கட்டிப் பேசுவது பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப்படும் மகலனோபிஸ், புள்ளியியலின் அடிப்படைகள் பற்றி 1954-ல் எழுதிய கட்டுரையில் சமணரின் சியாத்வாதத்தை எடுத்துப் பேசுகிறார். 'ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லொணாதது' என்று ஏழு படியாக விரியும் தர்க்கம் அது. உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1957-ல் அதைப் பற்றி எழுதினார். சமணர்தாம் புள்ளியியலைக் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்க நான் ஆளல்ல. நம்மவர்கள் அளவு கோத்து எண் போடவில்லை. ஆயினும் 0.51 முதல் 1.22 என்பதை முதன்முதலில் படித்தபோது, சின்ன வயதில் அப்பா சொல்லித் தந்த 'சியாத்' என்ற சொல்தான் எனக்கு நினைவு வந்தது.

புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு வெற்றிலை போட்டால் தோஷமில்லை என்று நம் வீடுகளில் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய நிபுணர் குழு, பாக்கே புற்றை உண்டாக்கக் கூடியது என்று 2003-ல் முடிவு செய்தது. தாம்பூலத்தை இகழ்வதாக யாரும் கோபிக்க வேண்டாம்.

1998 முதல் என் கடையில் புகையிலை இல்லை. வாடிக்கையில் பாதி எதிர்க் கடைக்குப் போனது, கொஞ்சம் திரும்பி வந்தது. பேரேட்டிலும் ஒரு பத்தி கூட்டினேன். பெயர், பற்று, வரவு, பாக்கி என்று இருந்த இடத்தில் ஐந்தாவதாக 'கடைசியாக வந்த தேதி'. கடைப் பையன் இது எதற்கு என்று கேட்டான். ஆள் வந்தால் எழுது என்றேன். ஒரு மாதம் ஒரு பெயருக்கு நேரே தேதி மாறாவிட்டால், சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.