அணுக்கழிவைச் சுற்றிக் களிமண்: 18 வருஷம் சூடுபடுத்திப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

பூனை வளர்ப்பவர்களுக்கு பென்டோனைட் பழக்கமானதுதான். பெயர் தெரியாவிட்டாலும், லிட்டர் தட்டில் ஈரம் பட்டதும் கட்டியாகுமே, அந்தக் களிமண். பின்லாந்தும் ஸ்வீடனும் அணுக்கழிவைப் புதைக்க நம்பியிருப்பதும் இதைத்தான்.

காரணம் சிம்பிள். தண்ணீர் பட்டால் பென்டோனைட் உப்பும். சுற்றிலும் பாறை இருந்தால் விரிய இடமில்லாமல், சந்து பொந்துகளை எல்லாம் இறுக்கமாக அடைத்துவிடும். பின்லாந்தின் ஒன்கலோ சுரங்கத்தில், 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கழிவு உள்ள செம்புக் கலன்களைச் சுற்றி இதை வைப்பதுதான் திட்டம்.

ஆனால் களிமண் உப்ப ஈரம் வேண்டும். கழிவோ பல வருஷங்களுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அப்போ என்ன ஆகும்?

சோறு வேகும்போது மூடியைத் தூக்கினால் தண்ணீர் சொட்டுமில்லையா? அதே கதைதான். கலனை ஒட்டிய களிமண்ணில் இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளிப்பக்கம் நகர்ந்து, சூடு குறைந்த இடத்தில் மறுபடி தண்ணீராகிறது. உள்பக்கம் காய்கிறது. காய்ந்த களிமண் சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் கலனைச் சுற்றி இன்னும் சூடேறும். இன்னொரு பக்கம், பாறையிலிருந்து கசியும் தண்ணீர் மெதுவாக உள்ளே வருகிறது. இதில் எது ஜெயிக்கும்?

பார்த்துவிடலாம் என்று ஸ்விட்சர்லாந்தின் கிரிம்செல் மலைக்குள் 1997-ல் ஆரம்பித்த சோதனைதான் ஃபெபெக்ஸ். நிஜக் கழிவு கிடையாது. இரண்டு ஹீட்டர்கள், சுற்றிலும் ஸ்பெயினிலிருந்து வந்த பென்டோனைட் கட்டிகள், ஹீட்டரின் மேற்பரப்பில் 100 டிகிரி செல்சியஸ். ஒரு ஹீட்டரை 2002-ல் நிறுத்திப் பிரித்தார்கள். மற்றது 2015 வரை, 18 வருஷம் ஓடியது.

பிரித்துப் பார்த்தபோது, கட்டிகளுக்கு இடையே இருந்த இடைவெளிகள் அடைபட்டிருந்தன. அது நல்ல செய்தி. ஆனால் ஹீட்டரை ஒட்டிய பகுதி, பாறையை ஒட்டிய பகுதியைவிடக் காய்ந்தே இருந்தது. 18 வருஷம் ஆகியும் முழுசாக நனையவில்லை! ஒரு லட்சம் வருஷக் கணக்கில் யோசிக்கும் திட்டத்துக்கு இது தாமதமே இல்லை என்றாலும், கணினி மாடல்களைச் சரிபார்க்க இந்த அளவீடுகள்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

களிமண் 100 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பின்லாந்தும் ஸ்வீடனும் வைத்திருக்கும் வரம்பு. அதைத் தளர்த்தினால் கலன்களை நெருக்கமாக வைக்கலாம், சுரங்கமும் செலவும் குறையும். ஆசை யாரை விட்டது? அதே கிரிம்செல்லில் 2021 முதல் ஹாட்பென்ட் என்ற அடுத்த சோதனை ஓடுகிறது. இந்த முறை சூடு, 200 டிகிரி வரை.