விரிதாள் தரவரிசைச் செயற்கூறும் சம மதிப்புகளும்: நிரல் நூலகச் செயலாக்க நோக்கு

முன்னுரை

எண்களை வரிசைப்படுத்துவது எளிது. சமமான எண்களுக்கு எந்தத் தரம் வழங்குவது என்பதே சிக்கல். எக்செல் விரிதாளின் 'ரேங்க்' செயற்கூற்றை நிரல் நூலகமொன்றில் செயலாக்கும்போது இச்சிக்கல் எவ்வாறு எழுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சம மதிப்புகளும் தரங்களும்

பழனி மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் தென்னை முதன்மைப் பயிர். அங்குள்ள தோப்பொன்றின் ஐந்து மரங்கள் ஓராண்டில் முறையே 120, 110, 110, 90, 80 காய்கள் தந்ததாகக் கொள்வோம். இறங்குவரிசையில் 'ரேங்க்' தரும் தரங்கள் 1, 2, 2, 4, 5. ஒரு மதிப்பைவிடப் பெரியவை எத்தனை என எண்ணி ஒன்றைக் கூட்டினால் அதன் தரம் கிடைக்கும். எக்செல் 2010 பதிப்பில் இதே முறை 'ரேங்க்.ஈக்யூ' எனப் பெயர்பெற்றது. உடன் அறிமுகமான 'ரேங்க்.ஏவிஜி' சம மதிப்புகளுக்குச் சராசரித் தரமாக 2.5 வழங்குகிறது. முன்னதில் தரங்களின் கூட்டுத்தொகை 14, பின்னதில் 15. சம மதிப்புகள் இருப்பினும் கூட்டுத்தொகை மாறாததால், ஸ்பியர்மன் தர ஒட்டுறவு போன்ற புள்ளியியல் கணக்கீடுகளுக்குச் சராசரித் தரமே உகந்தது.

செயலாக்கம்

மேற்கண்ட வரையறையை அப்படியே நிரலாக்கினால், ஒரு லட்சம் மதிப்புகளுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். மாறாக, மதிப்புகளை ஒருமுறை வரிசைப்படுத்திச் சமமானவற்றைக் குழுக்களாகப் பிரித்தால், ஒப்பீடுகள் சில பத்து லட்சங்களுக்குள் அடங்கும். ஒரு குழு வரிசையில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்றிருந்தால் அதன் சிறுமத் தரம் 2, பெருமத் தரம் 3, சராசரி 2.5. இறுதியில் தரங்களை மூல வரிசைக்கே திருப்பி அமைக்க வேண்டும்.

பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகம் இயல்பாக ஏறுவரிசையையும் சராசரித் தரத்தையும் கொள்கிறது. எக்செல் இறங்குவரிசையையும் சிறுமத் தரத்தையும் கொள்கிறது. எனவே, அமைப்புகளை மாற்றாமல் பயன்படுத்தினால் 120 காய்கள் தந்த மரம் எக்செலில் முதல் தரமும் பாண்டாஸில் ஐந்தாம் தரமும் பெறும். பின்ன எண்களில் மற்றோர் இடர் உண்டு. 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மிதவைப் புள்ளி முறை 0.3 என்பதற்குச் சமமாகக் கொள்வதில்லை. ஆதலால், தரவுக்கேற்பத் தசம இடங்களை முழுமைப்படுத்திய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

சமநிலையை முறித்தல்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கணிதத்திற்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. ஒரே மதிப்பெண்ணைப் பலர் பெறுவதால், கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என அடுத்தடுத்த அளவுகோல்கள் ஒப்பிடப்படுகின்றன. அவற்றாலும் சமநிலை நீங்காதபோது சமவாய்ப்பு எண் தீர்மானிக்கிறது. இவ்வரிசை முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதி. பாண்டாஸின் 'ஃபர்ஸ்ட்' முறையோ, பட்டியலில் முன்னதாக இடம்பெற்றவருக்கே முந்தைய தரத்தை அளிக்கும். விதி கூறாத ஒரு முன்னுரிமையை, தரவு பதிவான வரிசை இவ்வாறு உருவாக்கிவிடும்.

முடிவுரை

சம மதிப்புகளைச் சமமாகவே காட்டுதல் தரவரிசைச் செயற்கூற்றின் பணி. அவற்றுள் முந்தையது எது எனத் தீர்மானித்தல் கொள்கை சார்ந்தது. ஆகவே, நூலகத்தை உருவாக்குவோர் சமநிலை முறையையும் வரிசைத் திசையையும் பயனர் வெளிப்படையாகத் தெரிவுசெய்யுமாறு அமைத்தல் வேண்டும். ஆய்வாளர்களும் தங்கள் ஆய்வேடுகளில் தரங்களோடு அவ்விரண்டையும் குறிப்பிட்டால், அம்முடிவுகளைப் பிறர் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்க இயலும்.